ரோமானிய மாகாண வெண்கலக் காசு: எங்கே சிக்குகிறது, எப்படி அவிழ்ப்பது

இந்தக் காசுகளோடு மல்லுக்கட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முகத்தைப் பார்த்து, "இது எந்தப் பேரரசர்?" என்று தொடங்கிவிடுகிறார்கள். ரோம் நகர அச்சகத்துக் (நாணயச்சாலைக்) காசுக்கு அந்த வழி சரி. மாகாணக் காசுக்கு அது தலைகீழ்.

கி.மு. 44 வாக்கில் தொடங்கி கி.பி. 3ஆம் நூற்றாண்டின் கடைசி வரை, ஸ்பெயினிலிருந்து சிரியா, எகிப்து வரை ஐந்நூறுக்கும் மேற்பட்ட நகரங்கள் தத்தம் செம்புக் காசை அடித்தன. இவையே மாகாணக் காசுகள். ஒரே பேரரசரின் முகம் நூறு ஊர்க் காசுகளில் வரும். ஊர் தெரிந்தால் பட்டியல் சுருங்கும். அந்தச் சிறிய பட்டியலுக்குள் பேரரசரைத் தேடுவது எளிது. ஆகவே காசைக் கையில் எடுத்ததும் திருப்புங்கள். பின்பக்கம் முதலில்.

திருப்புவதற்கு முன் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எடை, 0.01 கிராம் காட்டும் தராசில். விட்டம், வெர்னியர் காலிப்பரில் குறுக்கும் நெடுக்கும் இரண்டு முறை. அடுத்தது அச்சுத் திசை: முகம் நேராக நிற்கும்படி காசை மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் பிடித்து, புத்தகப் பக்கம் புரட்டுவதுபோல் திருப்புங்கள். பின்பக்க உருவத்தின் தலை கடிகாரத்தில் எந்த மணியைக் காட்டுகிறதோ அதுவே அச்சுத் திசை. தலைக்கு நேர் தலை என்றால் 12, தலைகீழாக நின்றால் 6.

எழுத்து தெரிகிறது, ஆனால் எந்தச் சொல்லும் கூடிவரவில்லை

பத்தில் ஒன்பது முறை காரணம் இதுதான்: கிரேக்கத்தை ஆங்கில எழுத்தாக நினைத்துப் படிக்கிறீர்கள். 'பி' போலத் தெரிவது ரோ, அதன் ஒலி 'ர'. 'சி' போலப் பிறை வடிவில் இருப்பது சிக்மா, ஒலி 'ஸ'. சில ஊர்களில் இதே சிக்மா பக்கம் திறந்த சதுரமாகவும் வரும். 'எச்' போலத் தெரிவது ஏட்டா, நெடில் 'ஏ'. 'எக்ஸ்' போன்றது 'க்ஹ' ஒலி. உருண்டையான 'டபிள்யூ' ஓமேகா, நெடில் 'ஓ'. லத்தீன் பெயரில் வகரம் வரும் இடத்தில் கிரேக்கக் காசில் 'ஓ' 'உ' என்ற இரண்டு எழுத்து சேர்ந்து நிற்கும். 'வேருஸ்' என்ற பெயர் 'ஊஏரோஸ்' என்று தெரிவது அதனால்தான்.

இப்போது பின்பக்க வாசகத்தின் கடைசியைப் பாருங்கள். 'ஓன்' என்று முடிகிறதா? அது "இன்ன ஊராருடையது" என்ற வேற்றுமை விகுதி. நிகேயா ஊராருடையது 'நிகையெஓன்', எபேசு ஊராருடையது 'எஃபெசிஓன்'. ஊர்ப்பெயர் சுற்றிவந்து முடியாமல், உருவத்தின் காலடிக் கோட்டுக்குக் கீழேயும் தொடரலாம். நிகேயாவின் சிறு காசுகளே நல்ல உதாரணம். மூன்று அல்லது நான்கு படைக்கொடிகள், 18 முதல் 20 மி.மீ., 3 முதல் 5 கிராம். செவெருஸ் அலெக்சாந்தர், மூன்றாம் கோர்தியன் காலத்தவை சந்தையில் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் ஊர்ப்பெயரின் எழுத்துகள் கொடிக்கம்பங்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் சிதறி நிற்கும், மிச்சம் அடியில். விளிம்பை மட்டும் சுற்றிப் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

ஊர்ப்பெயரே இல்லை

தேய்மானம் இல்லாமலே ஊர்ப்பெயர் காணவில்லை என்றால் இரண்டு சந்தேகங்களை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது அலெக்சாந்திரியா. எகிப்துக் காசில் ஊர்ப்பெயர் போடும் வழக்கமே கிடையாது. ஆங்கில 'எல்' போன்ற ஒரு குறி, பக்கத்தில் ஓரெழுத்து அல்லது ஈரெழுத்து; 'எல்' என்பது ஆண்டுக் குறி. காசின் விளிம்பு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும், ஏனென்றால் வில்லையை, அதாவது உருவம் அடிப்பதற்கு முந்தைய வெற்று வட்டை, திறந்த வார்ப்புக்குழியில் வார்த்து எடுத்தார்கள். அச்சுத் திசை பெரும்பாலும் 12. முதல் இரு நூற்றாண்டுகளின் வெண்கலத் திரக்மா 33 முதல் 35 மி.மீ., 20 கிராமுக்கு மேல், உள்ளங்கையில் கனக்கும். 3ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் வருவது 18 முதல் 20 மி.மீ. விட்டமும் 7, 8 கிராம் எடையும் உள்ள தடித்த குட்டைக் காசு. பார்வைக்கு முழு வெண்கலம். ஆனால் அது வெள்ளி வற்றிப்போன தெத்ராதிரக்மா, அதாவது நான்கு திரக்மா காசு. அதை வெண்கலப் பிரிவில் தேடினால் கிடைக்காது.

இரண்டாவது அந்தியோக்கியா. மலர்வளையத்துக்குள் 'எஸ்', 'சி' என்ற இரண்டு லத்தீன் எழுத்து மட்டும் பெரிதாக, சில சமயம் மேலோ கீழோ ஒரு கிரேக்க எழுத்து. ரோம் அச்சகத்துச் செம்புக் காசிலும் இதே 'எஸ் சி' உண்டு என்பதால் பலர் அங்கே போய்த் தேடுகிறார்கள். ரோம் காசில் பொதுவாக அது ஓர் உருவத்தின் இருபுறமும் சிறிதாக நிற்கும். வளையத்துக்குள் முழு இடத்தையும் பிடித்துக்கொண்டு நின்றால் சிரியாவை நினையுங்கள்.

லத்தீன் எழுத்துதான், ஆனால் ரோமின் பட்டியலில் இல்லை

பின்பக்கத்தில் 'கோல்' என்ற மூன்றெழுத்தைத் தேடுங்கள். 'கொலோனியா' என்பதன் சுருக்கம். ரோமானியக் குடியேற்ற நகரம். இவை கிரேக்க மொழி வழங்கிய நிலத்திலும் லத்தீனில் காசு அடித்தன: திராக்கியாவில் தெவுல்தும், மேய்கிற குதிரையோடு அலெக்சாந்திரியா திரோவாஸ், பிசிதியாவின் அந்தியோக்கியா, கொரிந்து, பத்ராஸ், சினோப், பெய்ரூத்தின் முன்னோடியான பெரித்துஸ்.

அதிகம் கைக்கு வருவது விமினாகியும், இன்றைய செர்பியாவின் கொஸ்தொலாத்ஸ் அருகே. நடுவில் நிற்கும் பெண், ஒருபுறம் காளை, மறுபுறம் சிங்கம். அடியில் 'அன்' என்று தொடங்கி ஒரு ரோமன் எண். ஆண்டு 1 என்பது கி.பி. 239/240. எனவே எண்ணோடு 238 கூட்டினால் ஆண்டு தொடங்கும் இலையுதிர்காலம் வரும். 'அன் 5' என்றால் 243/244. காளையும் சிங்கமும் இருக்கும் இடத்தில் கழுகும் சிங்கமும் இருந்து 'ப்ரோவின்கியா தாகியா' என்று எழுதியிருந்தால் அது தாக்கியா மாகாணத்தது. அங்கே ஆண்டு 1 என்பது 246/247. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஏழு ஆண்டு பிசகும்.

மேற்கே போனால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். ஸ்பெயின் நகரங்கள் 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அடிப்பதை நிறுத்திவிட்டன. பனைமரத்தில் சங்கிலியிட்ட முதலை, முதுகோடு முதுகாக இரண்டு தலை என்றால் யோசிக்கவே வேண்டாம்: பிரான்சின் நீம், அகஸ்டஸும் அக்ரிப்பாவும். பாதியாக வெட்டிய துண்டு கிடைத்தாலும் திகைக்காதீர்கள். சில்லறைக்காக அக்காலத்திலேயே வெட்டியது.

'அந்தோனெய்னோஸ்' என்று தெளிவாக இருக்கிறது. எந்த அந்தோனெய்னோஸ்?

இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலி இது. மார்க்கஸ் அவுரேலியஸ், காரகல்லா, எலகபாலுஸ் மூவருக்கும் அதிகாரப்பூர்வப் பெயர் மார்க்கஸ் அவுரேலியஸ் அந்தோனினஸ். அந்தோனினஸ் பியுஸையும் கொமோதுஸையும் சேர்த்தால் ஐவர். வாசகத்தை எத்தனை முறை படித்தாலும் விடை வராது.

முகம் ஓரளவு உதவும். சுருண்ட அடர்ந்த தாடி மார்க்கஸ். நெற்றியைச் சுருக்கி முறைக்கும் குட்டைத்தாடி, வயதுவந்த காரகல்லா. தாடியில்லாத அல்லது கன்னத்தில் மட்டும் பூனைமயிர் உள்ள இளைஞன் எலகபாலுஸ். ஆனால் காரகல்லாவும் சிறுவனாக இருந்தபோது தாடியில்லாமல்தான் இருந்தார். அந்த இடத்தில்தான் பின்பக்கம் கைகொடுக்கும்.

கீழ் மோசியாவின் இரு பெரிய நகரங்களான நிகோபோலிஸும் மார்கியானோபோலிஸும் (இரண்டும் இன்றைய பல்கேரியாவில்) மாகாண ஆளுநரின் பெயரைக் காசில் போட்டன. வாசகம் 'ஊப்' என்று தொடங்கினால் அடுத்து வருவது ஆளுநர். ஆளுநர் தெரிந்தால் பேரரசரும் தெரிந்தார். நிகோபோலிஸில் நோவியுஸ் ரூபுஸ் பெயர் இருந்தால் எலகபாலுஸ். மார்கியானோபோலிஸில் குயின்திலியானுஸ் என்றால் காரகல்லா, பெரும்பாலும் தாய் யூலியா தொம்னாவோடு எதிரெதிரே பார்த்தபடி. செலெவ்குஸ் என்றால் எலகபாலுஸ். பொந்தியானுஸ் என்றால் மக்ரினுஸும் மகன் தியாதுமேனியானும். மெனோபிலுஸ் என்றால் மூன்றாம் கோர்தியன். நிகோபோலிஸில் லொங்கினுஸ் மக்ரினுஸுக்கு, சபினியுஸ் மொதெஸ்துஸ் கோர்தியனுக்கு. முகம் முழுக்கத் தேய்ந்து, ஆளுநர் பெயரின் நாலெழுத்து மட்டும் மிஞ்சியிருந்தாலும் போதும்.

'எபி' என்று தொடங்கினால் சின்ன ஆசியாப் பக்கம் (இன்றைய துருக்கி). பின்னால் வருவது பெரும்பாலும் உள்ளூர் அதிகாரி. 'ஸ்த்ர்' வந்தால் ஸ்த்ராதேகோஸ், 'க்ர்' வந்தால் எழுத்தர், 'அர்க்ஹ்' வந்தால் அர்க்ஹோன். அந்தப் பெயரையும் ஊரையும் சேர்த்துத் தேடுங்கள்.

பெயரில் இன்னொரு கண்ணி: 'ஊஏரோஸ் கைசர்'. வேருஸ் என்றதும் லூசியுஸ் வேருஸ் என்று எழுதிவிடுகிறார்கள். அவருக்குக் 'கைசர்' என்ற இளவரசுப் பட்டம் தரப்படவில்லை. 161இல் நேராகப் பேரரசர் ஆனார். காசில் 'கைசர்' பட்டத்தோடு வரும் வேருஸ், பியுஸ் காலத்து இளம் மார்க்கஸ் அவுரேலியஸ்.

ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் அந்தப் பெயரில் மூன்று ஊர்

நம்மூரில் எத்தனை புதூர் என்று எண்ணிப் பாருங்கள், அதே சிக்கல். இங்கே அடைமொழியும் சின்னமும்தான் ஊரைப் பிரித்துக் காட்டும்.

நிகோபோலிஸ்: 'ப்ரோஸ் இஸ்த்ரோன்' என்றால் தன்யூப் கரைப்பக்கத்தது. 'ஊல்ப்' என்று தொடங்கி 'ப்ரோஸ் மெஸ்தோ' என்று முடிந்தால் மெஸ்தா ஆற்றங்கரையில் உள்ள இன்னொன்று. எபிருசில் ஒரு நிகோபோலிஸும் உண்டு.

கைசரேயா: மலையுச்சி தெரிந்தால், அதுவும் கிரேக்க வாசகமென்றால், கப்பதோக்கியா, அந்த மலை ஆர்கையுஸ். லத்தீனில் 'கோல்' இருந்தால் பாலஸ்தீனக் கடற்கரைக் கைசரேயா. மலை இருந்தாலே ஆர்கையுஸ் என்று முடிவுகட்ட வேண்டாம். படிக்கட்டு ஏறி உச்சியில் கோவில் இருந்தால் அது சமாரியாவின் நெயாபோலிஸ் காட்டும் கெரிசிம் மலை.

லவோதிகேயா: ஓநாயும் காட்டுப்பன்றியும் இருந்தால் பிரிகியா. லிக்கோஸ், காப்ரோஸ் என்ற ஆறுகளின் பெயர்களே அந்த இரு விலங்குகள். 'யூலியெஓன்' என்று ஊர்ப்பெயருக்கு முன்னால் வந்தால் சிரியக் கடற்கரை நகரம்.

பிலிப்போபோலிஸ்: கிட்டத்தட்ட எப்போதும் திராக்கியா, இன்றைய ப்லோவ்திவ். அரேபிய பிலிப்போபோலிஸை 244க்குப் பின் பேரரசர் பிலிப் தன் சொந்த ஊரில் எழுப்பினார். அதன் காசில் அவர் குடும்பத்தார் மட்டுமே வருவார்கள், 'கொலோனியா' என்ற சொல்லும் இருக்கும்.

இரண்டு ஊர்ப்பெயர் ஒரே காசில் இருந்து 'ஹொமொனொயா' என்ற சொல்லும் வந்தால் அது நட்புறவுக் காசு. வழக்கமாக முதலில் வரும் பெயர்தான் அடித்த ஊர். எபேசின் அர்தெமிஸ் சிலையைக் கண்டதும் எபேசு என்று எழுதிவிடாதீர்கள். அந்த உருவத்தைப் பல ஊர்கள் கடன் வாங்கின. அதைவிட வம்பு, சின்ன ஆசியாவில் ஒரே முன்பக்க அச்சைப் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் பகிர்ந்துகொண்டன. முன்பக்கம் அச்சு அசலாகப் பொருந்துவது ஊருக்குச் சாட்சி ஆகாது.

ஆண்டெழுத்து போல் ஒன்று இருக்கிறது

கிரேக்கத்தில் எழுத்தே எண். க, உ, ங, ச என்று எழுதிப் பழகிய மொழிக்காரருக்கு இது புதிதல்ல. அல்பா முதல் தேட்டா வரை 1 முதல் 9 (6க்கு மட்டும் ஸ்திக்மா என்ற தனிக்குறி). இயோட்டா 10, கப்பா 20, லம்தா 30, மூ 40, நூ 50, க்சீ 60, ஓமிக்ரோன் 70, பை 80, கொப்பா 90. ரோ 100, சிக்மா 200, தௌ 300, உப்சிலோன் 400, ஃபை 500.

எண் கிடைத்தபின், எதிலிருந்து எண்ணுவது என்பதுதான் கேள்வி. எகிப்திலும் கப்பதோக்கியக் கைசரேயாவிலும் ஆட்சியாண்டு. எகிப்தில் புத்தாண்டு ஆகஸ்ட் 29. பியுஸ் 138 ஜூலை 10 அன்று ஆட்சிக்கு வந்தார். ஆகஸ்ட் 28 அன்று அவருடைய முதலாண்டு முடிந்துவிட்டது! மறுநாளே இரண்டாம் ஆண்டு. ஆகவே அவருடைய 10ஆம் ஆண்டு 146/147. ஆட்சி தொடக்கத்தோடு பத்தைக் கூட்டி 148 என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை. 9ஆம் ஆண்டுக்குத் தேட்டா எழுத்தைத் தேடி ஏமாறாதீர்கள். 'ஏனாதூ' என்று சொல்லாகவே எழுதியிருப்பார்கள். சாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அந்த எழுத்தில் தொடங்குவதால் தவிர்த்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

சிரியாவில் ஊருக்கு ஊர் ஒரு சகாப்தம். எமேசாவின் காசில் சேட்டா, கப்பா, ஃபை என்று மூன்றெழுத்து. அங்கே சிறிய எண் முதலில் வரும்: 7, 20, 500, ஆக 527. செலூக்கிய சகாப்தம் கி.மு. 312 இலையுதிர்காலத்தில் தொடங்குகிறது. 312ஐக் கழித்தால் 215. அந்தக் காசு 215/216, காரகல்லா.

தனியாக வெளியில் நிற்கும் ஓரெழுத்தை ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும் தவறும் உண்டு. மோசியாவிலும் கருங்கடல் ஊர்களிலும் எப்சிலோன், தெல்தா, காம்மா என்பவை காசின் மதிப்பு. எதிரெதிர் பார்க்கும் இரண்டு முகமும் பின்பக்கம் எப்சிலோனும் இருந்தால் அது ஐந்து அஸ்ஸாரியா (செம்புச் சில்லறை அலகு) காசு, 26 முதல் 28 மி.மீ. 'நெயோகோரோன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வரும் எழுத்தும் ஆண்டல்ல. பேரரசர் வழிபாட்டுக் கோவில்கள் அந்த ஊரில் எத்தனை என்ற பெருமைக் கணக்கு.

பேரரசர் முகமே இல்லை

அலங்கார மகுடமோ முக்காடோ அணிந்த பெண், இளைஞன், தாடிக்காரர் என்று வேறு முகம் இருந்தால் அது யார் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். 'ஹியெரா சின்க்லேதோஸ்' ரோமின் செனட் சபை, 'தேமோஸ்' மக்கள், 'பூலே' நகர அவை, 'தெயா ரோமே' ரோமா தேவி. காலத்தை முகத்திலிருந்து எடுக்க முடியாது. அதிகாரி பெயர் இருந்தால் அதே பெயர் பேரரசர் முகத்தோடு வந்த காசைத் தேடுங்கள். இல்லையென்றால் அதே பின்பக்க அச்சு. இரண்டும் கிடைக்காவிட்டால் "2ஆம் நூற்றாண்டின் பின்பகுதி – 3ஆம் நூற்றாண்டு" என்று அகலமாக எழுதி நிறுத்துவதே நேர்மை.

நடுவில் குழி, மேலே முத்திரை, பாதி முகம் சுரண்டல்

இரு பக்கமும் நடுவில் ஊசிக்குத்து போன்ற குழி இருந்தால் பதற வேண்டாம். வில்லையைத் தயாரிக்கும்போது விழுந்தது. திராக்கியா, மோசியா, சின்ன ஆசியாக் காசுகளில் சாதாரணம்.

பின்னாளில் குத்திய மறுமுத்திரை இருந்தால், அதன் நேர் பின்னால் உருவம் தட்டையாகியிருக்க வேண்டும். தட்டையாகவில்லை என்றால் அந்த முத்திரையைச் சந்தேகியுங்கள். முத்திரை ஓரெழுத்து என்றால் புது மதிப்பு. காட்டுப்பன்றி, கப்பல், 'எல் எக்ஸ் எஃப்' எழுத்து என்றால் 70க்குப் பின் எருசலேமில் பாளையமிட்ட பத்தாம் பிரெதென்சிஸ் படையணி. ஊர்க்காசு எதுவானாலும் அது கடைசியில் சுற்றிய இடம் யூதேயா.

இரண்டு முகத்தில் ஒன்று மட்டும் வழித்தெடுத்ததுபோல் இருந்தால் கேதாவை நினையுங்கள். 211 டிசம்பரில் அண்ணன் காரகல்லா அவரைக் கொன்றபின் பெயரும் முகமும் அழிக்கப்பட்டன. காரியாவின் ஸ்த்ராதோனிகேயா, பெர்காமோன் ஊர்களின் பெரிய காசுகளில் இது பளிச்சென்று தெரியும். சேதமல்ல, சாட்சி. மழுங்கிய அந்த இடத்தைச் சீர்செய்ய யாரும் முயலக் கூடாது.

தேய்ந்துவிட்டது, நாலெழுத்துதான் மிச்சம்

முதலில் செய்யக் கூடாதது: குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்ப்பது. எழுத்து மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்தப் பச்சைப் படலத்தில்தான். படலம் போனால் எழுத்தும் போகும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். மண்ணைப் பல்குச்சியால் நெம்புங்கள். வெளிர்பச்சை மாவு உதிர்ந்தால் அது குளோரைடு அரிப்பு. மற்றக் காசுகளிலிருந்து பிரித்து, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

பிறகு இருட்டறையில் ஒற்றை விளக்கைக் காசின் தளத்தோடு ஒட்டினாற்போல், 10 முதல் 20 பாகை சாய்வில் வைத்து, காசை மெதுவாகச் சுழற்றி எட்டுப் படம் எடுங்கள். ஒரு கோணத்தில் மறையும் எழுத்து அடுத்த கோணத்தில் எழும். படலம் உறுதியாக இருந்தால் மெல்லிய அலுமினியத் தாளைப் போர்த்தி அழிரப்பரால் ஒற்றியும் பார்க்கலாம். கிடைத்ததை அப்படியே எழுதுங்கள். ஊகத்தை நிரப்பாதீர்கள், இடைவெளிக்குப் புள்ளி வையுங்கள். வாசகம் பொதுவாக இடது கீழ்ப்புறத்தில் தொடங்கிக் கடிகாரத் திசையில் ஓடும் என்பதால், மிஞ்சிய எழுத்து எந்த மணியில் இருக்கிறது என்பதும் தகவல்தான்.

எல்லாம் பொருந்துகிறது, எடை மட்டும் இடிக்கிறது

இந்த ஊர்கள் காசுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்து வெளியிடவில்லை. ஒரே வகைக்குள் நாலில் ஒரு பங்கு வரை ஏற்ற இறக்கம் சகஜம். எடை பாதியாகிவிட்டால்தான் வேறு மதிப்பு என்று யோசிக்க வேண்டும். விட்டமும் எடையும் சரியாக இருந்து, விளிம்பில் சுற்றிலும் ஒரு கோடு ஓடினாலோ, எழுத்துக்குள் நுண்குமிழ்ப் பள்ளங்கள் தெரிந்தாலோ வார்ப்புப் போலி. இரண்டு காசில் ஒரே கீறல் ஒரே இடத்தில் இருந்தாலும் அப்படியே.

போலியைவிட ஏமாற்றுவது சீவிய காசு. உண்மையான தேய்ந்த காசில் முடியையும் எழுத்தையும் புதிதாகச் செதுக்கியிருப்பார்கள். வெளித்தளம் வழவழவென்று எழுத்தைவிடத் தாழ்ந்து கிடக்கும். எழுத்தோரத்தில் உளிக் கோடு 10 மடங்கு லென்சில் தெரியும். செதுக்கியவருக்குக் கிரேக்கம் தெரியாது என்பதால் ஊர்ப்பெயரே மாறிப்போயிருக்கும். "இதுவரை காணாத ஊர்" என்று துள்ளும் முன் இதைச் சோதியுங்கள்.

தரவுத்தளத்தில் தேடியும் இல்லை

ஆர்.பி.சி. (ரோமன் ப்ரொவின்ஷியல் காயினேஜ்) என்ற மாகாணக் காசு இணையத் தரவுத்தளத்தில் முழு வாசகத்தையும் போட்டுத் தேடுவது வீண். ஒரு பிழையெழுத்து போதும், விடை வராது. ஊர், பேரரசர் இரண்டை மட்டும் தேர்ந்து, பின்பக்க உருவத்தைக் கண்ணால் ஒப்பிடுங்கள். திராக்கியா, மோசியா, மீசியா, திரோவாஸ் பகுதிக்குக் கார்ப்புஸ் நும்மோரும் தளத்தையும் பாருங்கள். பட்டியல் எண்ணைக் குறிக்கும்போது வாசகம் எந்த இடத்தில் உடைகிறது, தலையில் வாகையா கதிர்மகுடமா, மார்பில் கவசம் தெரிகிறதா என்பவை மூன்றும் பொருந்தினால்தான் அதே எண். ஒன்று மாறினாலும் 'ஒப்பிடுக' என்று முன்னால் சேர்த்து எழுதுங்கள்.

கரூரில் அமராவதி ஆற்றுமணலிலிருந்தோ மதுரையிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த, விரல்நகத்தளவு ரோமானியச் செப்புக்காசு கையில் இருந்தால் இங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவை பெரும்பாலும் 4, 5ஆம் நூற்றாண்டுப் பேரரசுக் காசுகள். இலங்கையில் கிடைப்பவற்றில் உள்ளூரில் அடித்த போன்மைகளும் உண்டு. மாகாணக் காசுகள் அதற்கு முன்பே நின்றுவிட்டன. பின்னாளைய ரோமானிய வெண்கலப் பட்டியலில்தான் அவற்றுக்கு இடம்.